கவாத்துக் கத்தியின் கதை

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். இருபுறமும் பசுமை படர்ந்த தேயிலைச் சரிவுகள். அவற்றின் நடுவே ஒரு சரிவு மட்டும் சாம்பல் நிறமாய், இலையே இல்லாமல், முழங்கால் உயரக் குச்சிகளாய் நிற்கும். சமவெளியிலிருந்து வந்தவர்கள், “தீப்பிடித்துவிட்டதா? நோய் விழுந்துவிட்டதா?” என்று கவலையோடு வினவுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உள்ளூர்க்காரர் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவார்: “கவாத்து.”

இரண்டு மூன்று மாதம் கழித்து அதே சாலையில் வந்தால் அந்தக் குச்சிகளின் கணுக்களெல்லாம் இளந்துளிர் எட்டிப் பார்க்கும். மொட்டையடிக்கப்பட்ட செடிதான் மீண்டும் கொழுந்து தருகிறது. நீலமலையில் நூறாண்டு கடந்த செடிகள் இன்றும் இலை கொடுத்து நிற்கின்றன என்றால், அதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாக அவற்றின்மேல் விழுந்த கத்திதான். வெட்டப்பட்டதனால் வாழ்கின்ற செடி! இந்த விந்தையின் வரலாற்றைச் சற்றே நின்று நோக்குவது நமக்குப் பயன் தரும். ஏனெனில் எல்லா வெட்டும் கவாத்து ஆகிவிடுவதில்லை.

சொல்லும் செடியும்

‘கவாத்து’ என்னும் சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. பட்டாளத்தார் அணிவகுத்துச் செய்யும் பயிற்சியையும் நம் முன்னோர் கவாத்து என்றே அழைத்தனர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இராணுவக் குடியிருப்பு இருக்கிறது. ஒருபுறம் படைவீரரின் கவாத்து, மறுபுறம் தேயிலையின் கவாத்து என, ஒரே சொல்லின் இரு பொருளையும் ஒரே பள்ளத்தாக்கில் காணலாம். பொருளிலும் ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது. இரண்டுமே ஒழுங்குக்குள் கொண்டுவரும் செயல்கள்.

தேயிலை இயல்பில் செடியன்று, மரம். கத்தி படாமல் விட்டுவிட்டால் அது பல மீட்டர் உயரத்துக்கு ஓங்கும், பூக்கும், காய்க்கும். கைவிடப்பட்ட பழைய தோட்டங்களின் ஓரங்களில் அப்படி மரமாகிப்போன தேயிலையை இன்றும் காணலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பளவில் அது நிற்கிறதென்றால், அங்கே அதை நிறுத்தி வைத்திருப்பது மனிதக் கையே. முதலில் கிளைகளை அகலப் பரப்பி, பின்னர் மேற்பரப்பை மட்டமாக்கி, சில ஆண்டுகளுக்கொரு முறை வெட்டித் தாழ்த்தி, ஒரு மரத்தை என்றும் இளமையான புதராக வைத்திருக்கும் கலையே தேயிலை வேளாண்மை.

மலை கற்றுக்கொண்ட விதம்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு கோத்தகிரிப் பகுதிக்கு ஏறிவந்த பின்னரே ஐரோப்பியக் குடியேற்றம் இம்மலையில் தொடங்கியது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகிய மக்கள் இங்கே வாழ்ந்தனர். புல்வெளியும் சோலையும் அவர்களது வாழ்வோடு இணைந்திருந்தன.

1832இல் கிறிஸ்டி என்னும் மருத்துவர், தேயிலைக்கு உறவான ஒரு செடி இம்மலைகளில் தானே வளர்வதைக் கண்டு, சீனத்திலிருந்து தேயிலைச் செடிகளைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். அதன் பயனைக் காணும் முன்பே அவர் மறைந்தார். 1835ஐ ஒட்டிக் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட கன்றுகள் கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்த சோதனைப் பண்ணையில் நடப்பட்டன. நட்டவர்கள் அவற்றை மறந்தே போயினர். புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் களைகளுக்கிடையே அவற்றைக் கண்டெடுத்தார். அளவுக்கு மீறி ஆழமாக நடப்பட்டுக் கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தன அச்செடிகள். அவர் மண்ணை விலக்கி, களையகற்றி, காற்றும் ஒளியும் படச் செய்தார். செடிகள் பிழைத்தன, பூத்தன. நீலகிரித் தேயிலையின் முதற்பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது: நட்டால் மட்டும் போதாது, உடனிருந்து பேண வேண்டும். 1854இல் மான் என்பவர் சீன விதைகளைத் தருவித்துக் குன்னூரருகே தோட்டம் அமைத்தார். 1860களில் தேயிலை வணிகப் பயிராக வேரூன்றியது.

அதே காலத்தில் மற்றொரு மரமும் இம்மலைக்கு வந்தது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சிங்கோனாவைத் தென் அமெரிக்காவிலிருந்து 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்தார். அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்க்கும் பொறுப்பு, உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்கைவரிடம் தரப்பட்டது. நடுவட்டத் தோட்டங்களில் சீனக் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர்.

சிங்கோனாவின் மருந்து அதன் பட்டையில் இருக்கிறது. பட்டையை முழுவதும் உரித்தால் மரம் சாகும். மரத்தையே வீழ்த்தினால் மீண்டும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். மெக்கைவர் ஒரு வழி கண்டார். பட்டையை நெடுக்காகப் பட்டை பட்டையாக மட்டும் உரித்து, இடையிடையே உரிக்காத பகுதியை விட்டுவைத்தார். காயத்தின்மேல் ஈரப் பாசியைப் பொதிந்து கட்டினார். பாசியின் அடியில் புதுப்பட்டை வளர்ந்தது; முதற்பட்டையைவிட அதில் மருந்துச்சத்து மிகுதியாகவும் இருந்தது. எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு, எடுத்த பின் கட்டுப்போடும் கடமையும் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டுமா?

வேரைக் கேட்டு வெட்டுதல்

தேயிலைக் கவாத்தின் நுணுக்கமும் இதுவே. 1893இல் தோன்றிய தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசி, 1926இல் கூடலூரை அடுத்த தேவர்சோலையில் தேயிலைக்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. பின்னர் அந்த ஆய்வு வால்பாறைக்கு மாறியது. அனுபவத்தால் தொழிலாளர் அறிந்திருந்த பலவற்றுக்கு ஆராய்ச்சி காரணம் கண்டு சொன்னது.

இலையெல்லாம் இழந்த செடி எதை உண்டு துளிர்க்கிறது? இலைதான் செடிக்கு உணவு சமைக்கும் அடுப்பு. அடுப்பே இல்லாதபோது, முன்பே வேரில் சேமித்துவைத்த மாச்சத்தை எடுத்துத்தான் அது புதுத்துளிர் விடவேண்டும். சேமிப்பு இருந்தால் செடி எழும். இல்லையேல் கிளை கிளையாக மாண்டுபோகும். ஆகவே கவாத்துக்கு முன் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு தருவார்கள். எழுதுகோல் பருமனுள்ள வேர்களைச் சில செடிகளிலிருந்து எடுத்து, வெட்டுவாயில் அயோடின் கரைசலைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. கருநீலமாக மாறினால் மாச்சத்து நிறைந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு தாழ்த்தி வெட்டுவது என்பதும் செடிக்குச் செடி மாறும். நலமாயுள்ள செடியைத் தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலே இலேசாக வெட்டினால் போதும். கிளைகள் முடிச்சேறிப்போனால் ஒன்றரை அடிக்கும் இரண்டடிக்கும் இடையில். மேலும் கெட்டுப்போனால் ஓரடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடையில். முதிர்ந்து நோயுற்ற செடிக்குப் புத்துயிர் தர வேண்டுமானால் ஓரடிக்கும் கீழே. ஆழ வெட்டும் கவாத்து ஏப்ரல், மே மாதங்களிலும், இலேசான கவாத்து ஆகஸ்ட், செப்டம்பரிலும் செய்யப்படுவது வழக்கம். தாழ்ந்த இடங்களில் நான்கு ஆண்டுக்கொரு முறையும், குளிரால் வளர்ச்சி மெதுவாகும் உயரங்களில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்கொரு முறையும் கத்தி வரும்.

இந்தக் கத்தி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும்; கொழுந்தோ பெண்களின் விரலில். கைதேர்ந்தவர் ஒரே வீச்சில், சாய்வாக, நார் கிழியாமல் வெட்டுவார். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும், பிளவில் மழைநீர் தங்கும், நீர் தங்கிய இடத்தில் பூசணம் நுழையும், உள்மரம் உளுத்துவிடும். வெட்டிய பின் காய்ந்த வாதுகளையும் பாசியையும் நீக்கி, பெரிய காயங்களில் செம்புச்சத்துள்ள பசையைத் தடவுவார்கள். நிழலில் பழகிய தண்டு வெயிலில் வெந்துவிடாதபடி, வெட்டிய வாதுகளையே செடியின்மேல் பரப்பி மூடுவார்கள். சில இடங்களில் ஓரத்தில் ஓரிரு இலைக்கிளைகளை வெட்டாமல் விட்டுவைப்பதும் உண்டு. செடி மூச்சுவிடும் நுரையீரல் என்று அதற்குப் பெயர்.

1946இல் கொப்புளநோய் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கியபோது இந்த அறிவு பெரும் சோதனைக்குள்ளாயிற்று. அந்தப் பூசணம் முதிர்ந்த இலையைத் தொடாது, இளந்துளிரையே தேடும். தென்மேற்குப் பருவமழையில், வெயிலே காணாத மேகமூட்ட நாள்களில் வேகமாகப் பரவும். கவாத்து முடிந்து துளிர்க்கும் தோட்டமோ முழுக்க முழுக்க இளந்துளிர். நலம் பெற எழும் வேளையே செடியின் மிக நலிந்த வேளை என்பதைத் தோட்டங்கள் அப்போது உணர்ந்தன. துளிர்க்கும் காலத்தில் செம்பு மருந்து தெளித்துக் காவல் காப்பது கவாத்தின் பிரிக்கமுடியாத பகுதியாயிற்று.

வெட்டுண்ட மனிதர்

செடியை வெட்டியவரைப் பற்றிப் பேசாமல் இக்கதை நிறைவுபெறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்குச் சென்றவர்கள் முதலில் காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் உழைத்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும் கணக்குப் போடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. கணக்கில் எண்கள் இருந்தன. மனிதர் விருப்பம் கேட்கப்படவில்லை.

அவ்வாறு வந்தவர்களுக்கு வாழ்வளிக்க 1968இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976இல் அது ‘டான்டீ’ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் குடியேறினர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்த அவர்கள் கையில் பெரும்பொருள் இல்லை. ஆனால் கவாத்தும் கொழுந்தும் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தன.

அவர்களுக்கு நிகழ்ந்ததும் ஒரு வெட்டுத்தானே என்று நாம் எண்ணுவதுண்டு. ஆயினும் அதைக் கவாத்து என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. செடிக்காவது வேரில் இருப்பு உண்டா என்று பார்த்த பிறகே கத்தி வைக்கிறோம். வெட்டிய பின் வெயில் படாமல் மூடுகிறோம். பல தலைமுறை உழைப்பின் சேமிப்பையும் உறவையும் பிறந்த மண்ணையும் விட்டுவந்த மக்களுக்கு அந்த அளவு கவனமேனும் கிடைத்ததா? கிடைக்காதபோதும் அவர்கள் துளிர்த்தார்கள் என்றால், அந்தப் பெருமை வெட்டிய கைக்கு உரியதன்று.

வெட்ட அஞ்சும் ஏழை

மறுபுறம், வெட்டாமல் விடுவதாலும் தோட்டம் அழியும். நீலகிரியில் இன்று பல்லாயிரம் சிறு விவசாயிகள் தேயிலை பயிரிடுகின்றனர். 1960கள் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அவர்களுக்குத் துணையாக எழுந்தன. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது அவர்கள் பட்ட துயரம் நாமறிந்ததே. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் கவாத்து செய்தால் மாதக்கணக்கில் வருமானம் நின்றுபோகும். பிள்ளையின் படிப்புக்கும் கடைக்கடனுக்கும் அவர் எங்கே போவார்? ஆகவே, ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவார். செடி உயர்ந்து கைக்கு எட்டாமற்போகும், கொழுந்து குறுகும், வளர்ச்சி நின்ற மலட்டுத் துளிர்கள் பெருகும். விளைச்சல் குறையக் குறைய, வெட்டும் துணிவும் குறையும்.

இதற்கு வேளாண் அறிவு சொல்லும் வழி எளிது. நிலத்தை நான்காகவோ ஐந்தாகவோ பகுத்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் கவாத்து செய்ய வேண்டும். ஒரு பகுதி ஓய்வெடுக்கையில் மற்றவை வீட்டைக் காக்கும். எனினும் ஒரு துண்டு நிலமே உடையவருக்கு அதுவும் கடினம். அங்கே அக்கம்பக்கத்தாரின் கைமாற்றும் கூட்டுறவும் தேவைப்படுகின்றன. துளிர்க்கும்வரை பொறுத்திருக்க ஏழைக்கும் ஒரு சேமிப்பு வேண்டும்; அது அவர் வேரில் இல்லையென்றால் சமூகத்தின் வேரிலாவது இருக்க வேண்டும்.

நம் முற்றத்து மரங்கள்

தேயிலையிடம் கற்றதை நம் வீட்டு முற்றத்திலும் ஆலய வளாகத்திலும் நிற்கும் மரங்களிடம் அப்படியே செலுத்திவிட முடியாது. நாமே செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம். மலையோர ஆலயம் ஒன்றின் வளாகத்தில் உயர்ந்த கற்பூர மரம் நின்றது. பருவக்காற்றுக்கு அஞ்சி, அதன் தலையை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். நாமும் உடனிருந்து ஒப்புதல் தந்தோம். ஓராண்டுக்குள் வெட்டுவாயைச் சுற்றிக் கற்றை கற்றையாகக் கிளைகள் எழுந்தன. ‘பார்த்தீர்களா, தேயிலையைப் போலவே துளிர்த்துவிட்டது’ என்று மகிழ்ந்தோம். நான்காம் ஆண்டு மழையில் அக்கிளைகளுள் ஒன்று முறிந்து, காலியாயிருந்த பாதையில் விழுந்தது. வெட்டுவாயில் மரம் உளுத்திருந்தது; புதுக்கிளைகள் மேற்தோலை மட்டும் பற்றிக்கொண்டு நின்றிருந்தன. ஆட்கள் நடமாடாத நேரமாயிருந்ததால் பிழைத்தோம்.

அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல ஆண்டு மரங்களை அறுத்து ஆராய்ந்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். மரம் நம் தோலைப்போலக் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துக்கொள்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அந்தச் சுவர் எழுவது அங்கேதான். ஆகவே கிளையை அப்புடைப்புக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு ஒட்ட அறுத்தால் சுவர் எழுப்பும் இடமே போய்விடும். நீண்ட குச்சியாக விட்டால் அது உலர்ந்து அழுகலுக்கு வழியாகும். பெருங்கிளையை மூன்று அறுப்பில் எடுப்பது முறை. தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்புறம் ஓர் அறுப்பு. அதற்கும் சற்று அப்பால் மேற்புறம் ஓர் அறுப்பு. கிளை விழுந்தபின் எஞ்சிய அடியைப் புடைப்பை ஒட்டி மூன்றாம் அறுப்பு. இதனால் கிளை தன் பாரத்தால் தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு விழாது. தலையை மொட்டையடிப்பது எந்நிலையிலும் மரத்துக்கு நலமன்று. மேலும், உதகை மறைமாவட்டம் உருவான அதே 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரம் வெட்டுமுன் உரிய அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மலையிறங்கிப் பர்லியாறு, கல்லாறு வந்தால் பாக்கும் தென்னையும் எதிர்ப்படும். பனைக் குடும்பத்துக்கு நியாயமே வேறு. பெரும்பாலான பனைவகைகளுக்கு ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு சாகும். தண்டில் பட்ட காயம் ஒருநாளும் மூடிக்கொள்ளாது. ஆகவே காய்ந்து தொங்கும் ஓலையை மட்டுமே நீக்க வேண்டும். தென்னையின் ஒவ்வோர் ஓலைக்கக்கத்திலும் ஒரு பாளை பிறக்கிறது என்பதால், பச்சோலையை அழகுக்காகக் கழிப்பது குலையின் தாங்கலைக் கழிப்பதாகும். தென்னை வளராத உதகைக்குக் குருத்தோலை ஞாயிறன்று ஓலைகள் சமவெளியிலிருந்தே ஏறி வருகின்றன. அந்த ஓலையைக் கையில் ஏந்தும்போது, மரத்தின் ஒரே உயிர்நிலைக்கு அருகிலிருந்து அது எடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்போம். ஒரே மரத்தில் மீண்டும் மீண்டும் குருத்தைப் பறிக்காமல் இருப்பதும், தேவைக்கு மேல் வாங்கி எறியாமல் இருப்பதும் அந்நாளின் பவனிக்குப் பொருத்தமான பத்திமுயற்சியே.

எந்தக் கை?

யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைக் கொடியின் உவமையை நாம் அறிவோம். அங்கே கிளையைக் கழிப்பதற்கு ஆளப்பட்டுள்ள கிரேக்கச் சொல் தூய்மை செய்வதையும் குறிக்கும் என்பர் அறிஞர். துன்பம் நேர்ந்தோரிடம், ‘கடவுள் உங்களைக் கழித்துவிடுகிறார்’ என்று அவ்வுவமையை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீலமலைத் தோட்டத்தில் சற்று நேரம் நின்றவர்கள் அதை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். உவமையில் வெட்டுபவர் தோட்டக்காரர். அவர் செடியை அறிந்தவர்; வேரின் இருப்பை அறிந்தவர்; வெட்டிய பிறகும் விட்டுப் போகாதவர். மனிதர் மனிதர்மேல் வைக்கும் கத்திகளுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிவிடுவது தகாது.

வீட்டிலும் பள்ளியிலும் பணியிடத்திலும் நம் கையிலும் ஒரு கத்தி இருக்கத்தான் செய்கிறது. பிள்ளையைக் கண்டிக்கிறோம், வேலையாளைத் திருத்துகிறோம், நம்மை அடுத்தவரின் பழக்கத்தை வெட்டிச் சீராக்க விரும்புகிறோம். அப்போதெல்லாம் கவாத்துக்காரரின் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். வேரில் இருப்பு உண்டா? கத்தி கூர்மையாய், காயம் கிழியாததாய் இருக்கிறதா? துளிர்க்கும்வரை வெயில் படாமல் காக்க நாம் உடனிருப்போமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் மட்டுமே கை உயரட்டும்.

அடுத்த முறை கோத்தகிரிச் சாலையில் அந்தச் சாம்பல்நிறச் சரிவைக் காணும்போது சற்று உற்று நோக்குங்கள். குச்சிகளின்மேல் வெட்டிய வாதுகள் கவனமாகப் பரப்பப்பட்டிருக்கும். அவற்றைப் பரப்பிவிட்டுச் சென்ற கைதான் அதற்கு முன் கத்தியையும் பிடித்திருந்தது.